நிற்கிற வீடு கறுப்பாக விழ வேண்டும்

எங்கள் பள்ளிவாசலில் மாதாமாதம் தொழுகை நேரம் அச்சிட்ட சின்னத் தாள் ஒன்று கொடுப்பார்கள். மை சிக்கனமோ என்னவோ, எழுத்தெல்லாம் வெளிறிக் கிடக்கும். அலுவலகத்தில் தேநீர் வைக்கிற மூலையில் நின்று, அதை ஜன்னலுக்கு நேரே பிடித்து, உதட்டை அசைத்து அசைத்து நான் படிப்பதைப் புருல் எஜே ஒரு நாள் பார்த்துவிட்டுப் போனார். எஜே என்றால் எங்கள் பேச்சில் அக்கா. ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை தேயிலை டப்பா வைக்கும் அலமாரியைத் திறந்தேன். கதவின் உள்பக்கம் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. அந்த மாதத்து நேரமெல்லாம் பெரிய பெரிய எண்களில், கரிக்கட்டையால் எழுதினது போலக் கறுப்பாக. அடுத்த மாதம் பிறந்தபோது நான் கேட்காமலே தாளும் மாறியிருந்தது.

நன்றி சொல்லப் போனேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எதுக்கு நன்றி? காலையில மெஷினுக்குத் தொண்டை திறக்க ஏதாவது ஒரு தாள் போட்டுத்தானே ஆகணும். போ, பால் பொங்குது பாரு."

பால் பொங்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன்.

கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது அந்த அலுவலகத்தின் தொழில். எங்கள் தலைநகர் பிஷ்கேக்கில், கீழே சம்சா கடை, மேலே நாங்கள். நான் தரை துடைப்பேன், தேநீர் வைப்பேன், மதியத்துக்கு ஒரு பானையில் ஏதாவது சமைப்பேன். புருல் எஜேயின் வேலை எல்லாருக்கும் கடைசி வேலை. பொறியாளர்கள் கணினியில் வரைந்து முடித்ததைத் தாளில் இறக்குவது அவர்தான். அவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு தாளும் படி இறங்காது.

பொத்தானை அமுக்கினால் தாள் வருகிறது, இதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. திரையில் பார்த்தால் கோடுகள் எல்லாம் பெருநாள் துணிக்கடை மாதிரி இருக்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா என்று என்னென்னமோ நிறம். தாளில் எல்லாம் கறுப்புதான். சிவப்பு மயிரிழையாக விழ வேண்டும், மஞ்சள் தடியாக விழ வேண்டும், சாம்பல் நிறம் மங்கலாக விழ வேண்டும் என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பேனா. கையில் பிடிக்கிற பேனா இல்லை, கணினிக்குள் சொல்லி வைக்கிற பேனா. எந்த நிறத்துக்கு எவ்வளவு கனம், எவ்வளவு கறுப்பு என்பதை முடிவு செய்பவர் புருல் எஜே. அது சரியாக அமையாவிட்டால் சுவரும் சுவரில் மாட்டின கண்ணாடியும் ஒரே கனத்தில் விழும். அப்புறம் கொத்தனார் எதைக் கட்டுவார், எதை விடுவார்?

ஒரு தடவை பொறியாளர் ஆதிலெத், அவசரத்தில் படுக்கையறைச் சாமான்களைச் சுவர் நிறத்திலேயே வரைந்து அனுப்பிவிட்டார். புருல் எஜே அந்தத் தாளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, அலுவலகம் முழுக்கச் சுற்றி வந்தார்.

"எல்லாரும் வந்து பாருங்க! ஆதிலெத் ஒரு கட்டில் போட்டிருக்கார். கட்டிலா கோட்டையா? குதிரைப் படையே வந்தாலும் இதை அசைக்க முடியாது!"

"எஜே, விடுங்க எஜே, நிறம் மாறிடுச்சு."

"நிறம் தானா மாறுமா? கல்யாணமாகி ரெண்டு பிள்ளை பெத்தவனுக்குக் கட்டில் எவ்வளவு கனம்னு தெரியாதா?"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. ஆதிலெத் காதெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தார். ஆனால் அந்தத் தவறைப் புருல் எஜேயே உட்கார்ந்து திருத்தி, அண்ணன் என்ற முறையில் நாங்கள் பைகே என்று கூப்பிடுகிற முதலாளி குபாத் பைகே கேட்டபோது, "ஆதிலெத் தாள் சுத்தமா இருந்துச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். அப்படித்தான் அவர்.

தாலாஸ் பக்கம் பீன்ஸ் விளைகிற ஒரு கிராமத்தில் பிறந்தவர். அப்பா டிராக்டர் ஓட்டினவர். கட்டடத் தொழில் படிக்கப் பட்டணத்துக்கு வந்து, விடுமுறைக்கு ஊர் போன இடத்தில், யாரோ ஒருவன் நண்பர்களோடு காரில் வந்து இவரைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள என்று தூக்கிக்கொண்டு போய்விட்டான். எங்கள் பக்கத்தில் அது நடப்பதுதான். நடக்கக் கூடாது, ஆனால் நடக்கிறது. அவன் வீட்டுப் பெண்கள் இவர் தலையில் வெள்ளை முக்காடு போட வந்தார்கள், அதை ஏற்றால் கல்யாணத்துக்குச் சம்மதம். இவர் பிடுங்கி எறிந்தார். திரும்பப் போட்டார்கள், திரும்ப எறிந்தார். கடைசியில் அந்த வீட்டுக் கிழவி போய் வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டாள். வயதானவளைத் தாண்டிப் போகிறவள் வாழ்க்கை விளங்காது என்பது பேச்சு. எத்தனையோ பெண்கள் அந்த வாசற்படியில்தான் நின்று, அழுது, திரும்பி உள்ளே போயிருக்கிறார்கள்.

புருல் எஜே தாண்டினார்.

"காலை அகலமா வச்சேன் அசில். பாவாடை நுனி கூட மேல படலை. மரியாதையாத்தான் தாண்டினேன்" என்று ஒரு நாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். படைத்த குதாய் அறிவான், நானாக இருந்தால் உள்ளேதான் திரும்பியிருப்பேன்.

விளங்காமலும் போகவில்லை. பிறகு தாமே விரும்பி, கிரேன் ஓட்டுகிற ஒரு நல்ல மனுஷரைக் கட்டினார். ஒரு மகள். கணவர் நெஞ்சுவலியில் போனபோது மகளுக்குப் பள்ளிக்கூட வயது. அந்த மகளையும் படிக்க வைத்து அல்மாத்திக்கு அனுப்பினார். இருந்தாலும் அலுவலகத்தில் யாருக்காவது அவர் மேல் கோபம் வந்தால், முதுகுக்குப் பின்னால் 'கிழவியைத் தாண்டினவள்' என்பார்கள். அவருக்கும் தெரியும். காதில் விழுந்தால், "ஆமா, இன்னொரு தடவை தாண்டவும் தெம்பு இருக்கு" என்பார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

வரைபடத் தொழிலில் ஒரு முறை உண்டு. ஏற்கனவே நிற்கிற கட்டடம் தாளில் மங்கலாக விழும். இனிமேல் கட்டப்போகிறது கறுப்பாக விழும். கொத்தனாருக்கு எது புதுசு, எது பழசு என்று பார்த்த உடனே தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக. இது எல்லா ஊரிலும் உள்ள முறைதான் என்று சொல்வார்கள். நான் தரை துடைத்துக்கொண்டே எத்தனையோ தாள்களைப் பார்த்திருக்கிறேன். ஆள் இருக்கிற வீடு புகை மாதிரி இருக்கும், இன்னும் ஒரு செங்கல் கூட வைக்காத வீடு கல் மாதிரி இருக்கும். விசித்திரமாகத் தோன்றும். அவர்கள் தொழில், நமக்கென்ன என்று துடைப்பத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடுவேன்.

அந்த வசந்தத்தில் மெலிஸ் என்று ஒருவர் அடிக்கடி வர ஆரம்பித்தார். கட்டுமானக் கம்பெனி ஒன்றின் ஆள். நல்ல சட்டை, இனிக்க இனிக்கப் பேச்சு. என்னிடம் கூட, "எஜே, உங்க தேநீருக்காகத்தான் இந்தப் படி ஏறுறேன்" என்பார். கால்வாய்க் கரையில் உள்ள ஒரு குறுக்குத் தெருவில் இரண்டு உயரமான குடியிருப்புகள் கட்டப்போகிறார்கள். தெரு முனையில் பழைய லாரி ஷெட் ஒன்று பாழாய்க் கிடந்தது. ஒரு கட்டடம் அங்கே. இன்னொன்றும் அதன் கார் நிறுத்துமிடமும் வருகிற இடத்தில் தெருக்காரர்களின் வீடுகள் வரிசையாக இருந்தன. தாழ்ந்த மண்சுவர் வீடுகள், முற்றத்தில் ஆப்பிள் மரம், தந்தூர் அடுப்பு. வீடுகளை விலைக்குக் கேட்பது அப்புறம். முதலில் தெருவைக் கூட்டி, வரைபடத்தைக் காட்டி, சம்மதம் என்று கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் மாட்டுகிற தாளை எங்கள் அலுவலகம் போட்டுக் கொடுக்க வேண்டும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலை. குபாத் பைகே புருல் எஜேயின் மேஜைக்கு வந்து நின்றார். நான் பக்கத்தில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"புருல் எஜே, அந்தத் தெருத் தாள்ல பழைய வீடுங்க ரொம்பக் கண்ணுல அடிக்குது. இன்னும் மங்கலாக்குங்க."

"ஏற்கனவே பாதிக் கறுப்புலதான் வச்சிருக்கேன்."

"பத்துல ஒரு பங்கு போதும்."

புருல் எஜே நாற்காலியைத் திருப்பினார். முதலாளியானாலும் வயதில் சின்னவர் என்று அவரை இனிம், அதாவது தம்பி, என்றுதான் கூப்பிடுவார். "பத்துல ஒரு பங்குன்னா, கண்ணாடி போட்ட எனக்கே தெரியாது இனிம். அந்தத் தெருவுல பாதிப் பேர் கிழடுங்க."

"அழகா இருக்கணும்னு மெலிஸ் கேக்குறார். புதுக் கட்டடம், மரம், பிள்ளைங்க விளையாடுற இடம், இதுங்க மட்டும் பளிச்சுனு."

"கொத்தனாருக்குப் போற தாள்னா சொல்லுங்க, நீங்க கேக்குறதுக்கு மேலயே மங்கலாக்கித் தர்றேன். இது கொத்தனாருக்குப் போகல. அந்த வீட்டுக்குள்ள தூங்குறவங்களுக்குப் போகுது. அவங்க முதல்ல என்ன தேடுவாங்க? மரத்தையா? அவங்க வீட்டைத் தேடுவாங்க."

"எஜே, நம்ம வேலை வரையறது."

"என் வேலை அது தெரியிற மாதிரி தாள்ல இறக்குறது."

குபாத் பைகே கெட்ட மனுஷர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது தம் காரிலேயே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனவர். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க வேலை வராமல், சம்பளம் கொடுக்க அவர் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களால ஒரு பேனாவை மாத்த முடியாதா? ஒரே ஒரு நிறம். அவ்வளவுதான் கேக்குறேன்."

"முடியும். மாட்டேன்."

"ஏன் எஜே எல்லாத்துலயும் இப்படி? ஒரு தடவை கிழவியைத் தாண்டிட்டா, அப்புறம் ஆயுசு முழுக்கத் தாண்டிக்கிட்டே இருக்கணுமா?"

முகத்துக்கு நேரே அதை அதுவரை யாரும் சொன்னதில்லை. ஆதிலெத் தலையைக் குனிந்துகொண்டார். நான் மனசுக்குள் ஓத ஆரம்பித்துவிட்டேன்.

புருல் எஜே சிரித்தார். "அன்னைக்கு என் வாழ்க்கையை யாரோ வேற ஒருத்தர் முடிவு பண்ணினாங்க, தாண்டினேன். நாளைக்கு அந்தத் தெரு வாழ்க்கையை நீங்களும் மெலிசும் முடிவு பண்ணுறீங்க. அவங்க தாண்டுறதா உள்ள போறதான்னு அவங்க பார்த்து முடிவு பண்ணட்டும். ஆனா கண்ணு தெரிஞ்சு பண்ணட்டும் இனிம். நான் மங்கலாக்க மாட்டேன். கையெழுத்தும் போட மாட்டேன்."

"சரி. நானே போட்டுக்கிறேன்."

குபாத் பைகே தம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அங்கே என்ன நடந்தது என்பதை ஆதிலெத் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதலில் குபாத் பைகே வீடுகளைப் பத்தில் ஒரு பங்கு கறுப்பாக்கிப் பார்த்திருக்கிறார். பெரிய தாளில் வரைபடம் இறக்குகிற எங்கள் ப்ளாட்டர் மெஷின் பழசு. அவ்வளவு மங்கலாகக் கேட்டால் கோடுகளை உடைத்து உடைத்துப் புள்ளி புள்ளியாகத் துப்பும். மை தீர்ந்த மாதிரி அசிங்கமாக வந்தது. மெலிஸ் அதை வாங்க மாட்டார். அதனால் குபாத் பைகே வேறு வழிக்குப் போனார். வரைபடத்தைக் கண்ணாடித் தாள்களை அடுக்கின மாதிரி லேயர் லேயராக வைத்திருப்பார்கள். அதில் ஒரு லேயர் மட்டும் திரையில் தெரியும், தாளில் விழவே விழாது. வரைகிறவர்கள் தங்களுக்கு மட்டும் வேண்டிய குறிப்புகளை அதில் வைப்பார்கள். தெருவின் வீடுகளை எல்லாம் தூக்கி அந்த விழாத லேயரில் போட்டுவிட்டார்.

திரையில் பார்த்தால் எல்லாம் முன்போலவே இருந்தது. வீடும் இருந்தது, வீட்டின் நடுவே எண்ணும் இருந்தது. பொத்தானை அமுக்கினார். தாள் வந்ததும் மை காயக்கூட விடாமல் சுருட்டிக் குழாயில் போட்டுக்கொண்டு மெலிஸைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். வீடுகளைத்தான் நகர்த்தினோம், எண்கள் வேறு லேயரில் தனியாக நிற்கின்றன என்பது அவர் நினைவில் இல்லை. திரையை நம்பித் தாளைப் பார்க்காமல் விட்டார். அந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற தவறு என்று ஆதிலெத் சொன்னார்.

அவர் போன பிறகு புருல் எஜே எழுந்து, எல்லார் முன்னாலும், ப்ளாட்டரில் புதுச் சுருள் மாட்டினார். ஒளிவு மறைவு இல்லை. தம் மேஜையில் உட்கார்ந்து பேனாக்களை மாற்றினார். நிற்கிற வீடுகளுக்கு முழுக் கறுப்பு, நல்ல கனம். கட்டப்போகிறதுக்கு மங்கல். மெஷின் தலை போய்வந்து போய்வந்து, தாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது.

"யாருக்கு எஜே இது?" என்று கேட்டேன்.

"தெருவுக்கு."

"வேலை போயிடும் எஜே."

"போகும்" என்றார். "அந்தக் கத்தரியை எடு."

மறுநாள் கூட்டம் தெருவிலேயே. வாய்க்கால் ஓரம் பாப்லர் மரத்தடியில் மேஜை போட்டிருந்தார்கள். தேநீர் ஊற்றவும் எண்ணெயில் பொரித்த பூர்சோக் பரிமாறவும் குபாத் பைகே என்னை வரச் சொல்லியிருந்தார். மெலிஸ் இரண்டு தட்டு நிறைய மிட்டாயும் பாதாமும் கொண்டுவந்திருந்தார். தெருவே வந்திருந்தது. தெருவின் மூத்த பெரியவர் ஜுமாலி அக்சகால் மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தாடி, வெள்ளைத் தொப்பி, காது கொஞ்சம் மந்தம். ரொட்டி சுட்டு விற்கிற சைரகான் எஜே மாவுக் கையோடே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

மெலிஸ் தாளை ஒரு பலகையில் குத்தி நிறுத்தினார். நான் தட்டுகளோடு பின்னால் இருந்ததால் சரியாகத் தெரியவில்லை. உயரமான இரண்டு கட்டடம், சுற்றி மரம், ஊஞ்சல் எல்லாம் அழகாகத்தான் இருந்தன. மெலிஸ் பேசினார். தெருவுக்குக் குழாய்த் தண்ணீர், விளக்கு, பிள்ளைகளுக்கு விளையாட்டு இடம். நன்றாகப் பேசினார். கிழவர்கள் தலையாட்டினார்கள்.

பேசி முடித்து, "அக்சகால், நல்ல காரியம். பெரியவங்க ஒரு பத்தா கொடுத்தீங்கன்னா, கையெழுத்துக்குப் போயிடலாம்" என்றார்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். பத்தா என்பது பெரியவர் கையேந்திக் கொடுக்கிற ஆசி. எல்லாரும் கையேந்தி, அவர் சொல்லி முடித்ததும் ஓமீன் என்று முகத்தைத் தடவிவிட்டால், பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு மாற்றிப் பேசுகிறவனைத் தெருவில் ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள். கையெழுத்து அதற்கு அடுத்ததுதான்.

ஜுமாலி அக்சகால் கைகளை விரித்து உயர்த்தினார். எல்லாக் கைகளும் விரிந்தன. நானும் தட்டைக் கீழே வைத்துவிட்டு விரித்தேன்.

"அக்சகால், கையை இறக்குங்க!"

புருல் எஜே. கையில் நீளக் குழாய், மூச்சு வாங்க மரத்தடிக்கு வந்து நின்றார். விரித்த கைகள் எல்லாம் அந்தரத்தில் அப்படியே நின்றன. பத்தாவை நடுவில் நிறுத்தி நான் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை.

"இது யார் பொம்பளை?" என்றார் அக்சகால்.

"இந்தத் தாளைப் போட்ட அலுவலகத்துல தாள் இறக்குறவ. மன்னிச்சுக்குங்க அக்சகால். நீங்க எதுக்கு ஆசி சொல்றீங்கன்னு பார்த்துட்டுச் சொல்லுங்க. பார்க்காம சொன்ன ஆசி எங்க போய்ச் சேரும்?"

குபாத் பைகே எழுந்துவிட்டார். "புருல் எஜே, வீட்டுக்குப் போங்க."

அப்போதுதான் சைரகான் எஜே, கை இன்னும் ஏந்தினபடியே, பலகைக்குக் கிட்டே போய் மூக்கு முட்டுகிற மாதிரி பார்த்தார்.

"இது என்ன? இங்க ஒரு ஆறு நிக்குது."

"அது உங்க வீட்டு எண் எஜே" என்றார் மெலிஸ்.

"எண் இருக்கு. வீடு எங்க?"

சைரகான் எஜே விரலை வைத்துத் தேடினார். மாவு தாளில் ஒட்டியது. வெறும் வெள்ளையில் ரெண்டு, நாலு, ஆறு, எட்டு என்று எண்கள் மட்டும் வரிசையாக நின்றன. வயலில் நட்ட குச்சி மாதிரி. எண்ணுக்குச் சுற்றிலும் ஒரு கோடு இல்லை.

"ஏம்ப்பா, நாங்க என்ன கூடாரத்துலயா இருக்கோம்? என் வீட்டைக் காணோம், நம்பரை மட்டும் வச்சிருக்கீங்க. கல்லறையிலதான்ப்பா இப்படி வைப்பாங்க!"

ஒருத்தர் சிரித்தார். சிரித்தவர் உடனே நிறுத்திக்கொண்டார். கிழவர்கள் எல்லாம் எழுந்து பலகைக்கு வந்தார்கள். "என்னுது எங்க?" "பன்னிரண்டு இங்க இருக்கு, சுவரு இல்ல." "வாய்க்கால் இருக்கு பாரு, வாய்க்காலை மட்டும் விட்டு வச்சிருக்கான்."

குபாத் பைகே தாளைப் பார்த்தார். எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அவர் மேல் இரக்கமாக இருந்தது.

புருல் எஜே குழாயைத் திறந்து தம் தாளை மேஜை மேல் விரித்தார். நான்தான் நான்கு மூலைக்கும் தேநீர்க் கிண்ணம் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியாது, கை தானாகப் போனது.

தெரு முழுக்க அதில் இருந்தது. ஒவ்வொரு வீடும் கறுப்பாக, கனமாக. முற்றம், கொட்டகை, சைரகான் எஜேயின் தந்தூர் அடுப்பு கூட ஒரு சின்ன வட்டமாக. அதற்கு மேலே, மெல்லிசாக, பனிமூட்டம் மாதிரி, புதுக் கட்டடம் ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. கார் நிறுத்துமிடத்தின் கோடு சைரகான் எஜேயின் அடுப்பை இரண்டாக வெட்டிக்கொண்டு போயிற்று.

"இது மாத்தி வரைஞ்ச தாள்!" என்றார் மெலிஸ். முதல் தடவையாக அவர் குரலில் இனிப்பு இல்லை. "இதுக்குச் சட்டப்படி மதிப்பே கிடையாது."

"ஒரு கோடு மாத்தலை. உங்க படத்துல இருக்கிற அதே கோடு, அதே இடம். பேனா மட்டும் வேற" என்றார் புருல் எஜே. "உங்க தாள்ல இல்லாதது கறுப்பா இருக்கு, இருக்கிறது இல்லாமலே போச்சு. என் தாள்ல நிக்கிற வீடு கறுப்பா இருக்கு. வராத வீடு மங்கலா இருக்கு. எது பொய்? வந்து காட்டுங்க, நிக்கிறேன்."

மெலிஸ் காட்ட வரவில்லை.

சைரகான் எஜே அந்தச் சின்ன வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் அடுப்பு மேல கார் நிறுத்துவாங்களா?"

"ஆமா எஜே."

"எவன் கார்?"

"தெரியாது எஜே. இன்னும் வாங்காதவன் காரு."

அதற்குச் சிரிப்பு வந்தது, நல்ல சத்தமாகவே. ஆனால் அந்தச் சிரிப்பில் மெலிஸின் கூட்டம் முடிந்துவிட்டது. ஜுமாலி அக்சகால் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விரித்த கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். "எனக்குத் தொழுகைக்கு நேரமாச்சு" என்று எழுந்தார். புருல் எஜேயைத் தாண்டிப் போகும்போது நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"பத்தாவை நிறுத்தினது தப்பு" என்றார்.

"தப்புதான் அக்சகால்."

"ம். ஆனா நீ அனுமதி கேட்டிருந்தா நான் நிறுத்தியிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கோலை ஊன்றிக்கொண்டு போனார்.

அன்று யாரும் கையெழுத்துப் போடவில்லை.

திரும்பி வரும் வழியில் குபாத் பைகே காரை நிறுத்தி என்னை ஏற்றிக்கொண்டார். புருல் எஜே நடந்து வந்துகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் காரை மெதுவாக்கி, கண்ணாடியை இறக்கி, "என் சோத்துல மண்ணைப் போட்டுட்டீங்களே எஜே" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அழுகைதான் இருந்தது.

"உங்க சோறு வேற இடத்துலயும் கிடைக்கும் இனிம். அவங்களுக்கு வேற தெரு கிடைக்காது" என்றார் புருல் எஜே. "நாளைக்கு வந்து என் சாமானை எடுத்துக்கிறேன்."

வந்தார். கோப்பை, கண்ணாடி உறை, கால் வலிக்குப் போட்டுக்கொள்ளும் கம்பளிச் செருப்பு. பேனா அமைப்பை எல்லாம் ஆதிலெத்துக்கு ஒவ்வொன்றாக விளக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். "கட்டிலைப் பார்த்துப் போடு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். ஆதிலெத் அவர் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போனார்.

அந்தத் தெரு அப்படியே தப்பிவிட்டது என்று நான் சொல்லவில்லை. மெலிஸ் திரும்பத் திரும்ப வந்தார். அடுத்த வருஷம் லாரி ஷெட் இருந்த இடத்தில் ஒரு கட்டடம் மட்டும் எழும்பியது. மதியத்துக்கு மேல் அதன் நிழல் தெருவில் விழும். இரண்டு குடும்பங்கள் தாங்களாகவே நல்ல விலை பேசி விற்றுவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் இருக்கிறார்கள். தாளைப் பார்த்து, பேசி, சண்டை போட்டு, அவரவர் முடிவு செய்தார்கள். சைரகான் எஜேயிடம் இப்போதும் ரொட்டி வாங்குகிறேன். குபாத் பைகேக்கும் வேறு வேலைகள் வந்தன, குதாய் புண்ணியத்தில் அலுவலகம் மூடவில்லை.

புருல் எஜேக்குத்தான் ரொம்ப நாள் வேலை கிடைக்கவில்லை. தொழிலில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். "நல்ல கைதான், ஆனா வாய்" என்று சொல்லிவிடுவார்களாம். சந்தையருகே ஒரு நகலெடுக்கும் கடையில் நின்று, பிறப்புச் சான்றிதழும் பள்ளிப் பாடமும் அச்செடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் போனால் ஸ்டூலைத் தூசி தட்டிப் போடுவார். ஒரு நாளும் அந்தத் தெருவைப் பற்றி வருத்தப்பட்டுப் பேசினதில்லை. நான் அவருக்காகத் தொழுகையில் கேட்டுக்கொண்டே இருந்தேன். அடுத்த இலையுதிர்காலத்தில் கராகோலில் ஒரு வரைபட அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் நாட்டுப் பெரிய ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர், நாள் முழுக்கப் பயணம்.

பேருந்து நிலையத்துக்கு வழியனுப்பப் போனேன். வேக வைத்த முட்டையும், சைரகான் எஜே கொடுத்துவிட்ட சூடு ஆறாத ரொட்டியும் பையில் வைத்துக் கொடுத்தேன். மினிபஸ்ஸில் ஆள் நிரம்பட்டும் என்று ஓட்டுநர் வெளியே நின்று கூவிக்கொண்டிருந்தார். புருல் எஜே ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியை நகர்த்தினார். கடைசியில், மனசில் பட்டதைச் சொன்னேன்.

"எஜே, அங்கயாவது கொஞ்சம் வாயை அடக்கி இருங்க. உங்களுக்கும் வயசாகுது."

வண்டி கிளம்பிவிட்டது. அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அங்கயும் ஒரு முதலாளி இருப்பான் அசில், அவனும் எதையாவது மறைக்கச் சொல்லுவான். நான் போன உடனே 'மாட்டேன்'னு சொல்லிட்டு, அப்புறம் நாற்காலியில உக்காரப் போறேன். முதல் நாளே சொல்லிட்டா ரெண்டு பேருக்கும் நேரம் மிச்சம்!"